மருந்தாளருக்கு ஏன் கணினிப் பாடம்?

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டின் முதல் வாரம். அறிவித்தல் பலகையில் புதிய நேரசூசி ஒட்டப்பட்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் "சுகாதாரத் தகவல் தொழினுட்பம்" என்று போட்டிருந்ததைக் கண்டதும் நாங்கள் சிரித்துவிட்டோம். நாங்கள் பாடசாலையிலேயே கணினி படித்தவர்கள். உயர்தரத்தில் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சையும் எழுதிவிட்டு வந்தவர்கள். மருந்துகளின் இரசாயனத்தைப் படிக்கவே நேரம் போதாதிருக்க, தட்டச்சும் அட்டவணையும் இன்னொரு முறை படிக்க வேண்டுமா என்று தோழி ஒருத்தி அலுத்துக்கொண்டாள். வார இறுதியில் வீட்டுக்கு வந்து சொன்னபோது வாப்பாவும் அதையேதான் கேட்டார்: "மருந்து குடுக்கிறதுக்குக் கம்பியூட்டர் என்னத்துக்கு மகள்?"

அன்று என்னால் அவருக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. உண்மையில் அதற்கான பதில் எங்கள் வீட்டிலேயே, உம்மும்மாவின் குளிசைப் பெட்டிக்குள் இருந்தது. அதை அடையாளம் காண எனக்கு ஓராண்டு பிடித்தது. பழைய மாணவி என்ற வகையில் நம் கல்லூரிச் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை தரும்படி டீச்சர் கேட்டபோது, வாப்பாவின் கேள்விக்கான விடையையே எழுதலாம் என்று தோன்றியது. பாமசி படிக்க எண்ணியிருக்கும் தங்கைகளுக்கு இது உதவும். எண்ணாதவர்களுக்கும் உதவும், ஏனெனில் மருந்து குடிக்காத வீடு இல்லை.

முப்பத்தெட்டரைக் குளிசைகள்

முதல் வகுப்பில் எங்கள் விரிவுரையாளர் கணினிகளைத் திறக்க விடவில்லை. ஒரு சம்பவத்தைச் சொன்னார். அது 2013 ஜூலையில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில், கலிபோர்னியப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் நடந்தது. அந்த வைத்தியசாலையே தன் தவறை மறைக்காமல் வெளியில் சொன்னது. அங்கு பணியாற்றும் வைத்தியரான ரொபர்ட் வாக்டர் 2015 இல் வெளியிட்ட நூலொன்றில் அதை விரிவாக எழுதினார்.

நோயாளி பதினாறு வயதுப் பையன். பிறவியிலேயே நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவன். தொற்று வராமல் தடுப்பதற்காகக் கோட்ரைமொக்சசோல் என்ற மருந்தில் ஒரு குளிசை காலையும் ஒரு குளிசை இரவும் வீட்டில் எடுத்து வந்தான். ஒரு பரிசோதனைக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டபோது அதே மருந்தைத் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருந்தது. மிகச் சாதாரணமான வேலை.

அந்த வைத்தியசாலையில் நிறை 40 கிலோகிராமுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, "ஒரு கிலோகிராமுக்கு இத்தனை மில்லிகிராம்" என்ற கணக்கில்தான் மருந்து எழுத வேண்டும். பையனின் நிறை 38.6 கிலோகிராம். வைத்தியர் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று கணினியில் இட்டார். கணினி பெருக்கி 193 என்றது. ஆனால் குளிசையில் இருப்பதோ 160 மில்லிகிராம். இரண்டும் பொருந்தாததால் மருந்தாளர், 160 மில்லிகிராம் என்று மீண்டும் எழுதும்படி வைத்தியரைக் கேட்டார். இதுவரை எல்லாரும் தங்கள் கடமையைச் சரியாகவே செய்திருந்தனர்.

வைத்தியர் 160 என்று தட்டினார். ஆனால் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் அலகு "மில்லிகிராம்" என்றிருக்கவில்லை. முன்னர் இருந்தபடி "கிலோகிராமுக்கு மில்லிகிராம்" என்றே இருந்தது. கணினி 160 ஐ 38.6 ஆல் பெருக்கியது. விடை 6176 மில்லிகிராம். அதாவது முப்பத்தெட்டரைக் குளிசைகள்.

அளவு கூடிவிட்டது என்று வைத்தியருக்கு ஓர் எச்சரிக்கை தோன்றியது. அவர் அதைத் தாண்டிச் சென்றார். மருந்தாளருக்கும் தோன்றியது. அவரும் தாண்டினார். அங்கே மருந்தைப் பொதி செய்வது ஒரு ரோபோ. அது ஒரு குளிசையும் பிசகாமல் முப்பத்தெட்டரையைப் பொதி செய்தது. விடுதியிலிருந்த தாதிக்கு "இத்தனை குளிசைகளா?" என்ற சந்தேகம் வந்தது. அவர் அன்றிரவு மட்டும் அந்த விடுதிக்கு மாற்றப்பட்டிருந்தவர். பார்கோட் கருவியைப் பிடித்துப் பார்த்தார். கட்டளையில் உள்ளதும் கையில் உள்ளதும் ஒன்றே என்று கருவி சொன்னது. சந்தேகம் தீர்ந்து மருந்தைக் கொடுத்தார். பையன் அத்தனையையும் விழுங்கினான். சில மணித்தியாலங்களில் அவனுக்குக் கடும் வலிப்பு வந்து மூச்சும் நின்றது. உடனே சிகிச்சை அளித்ததால் உயிர் தப்பினான்.

கதையை முடித்துவிட்டு விரிவுரையாளர் கேட்டார்: "இதில் பிழை விட்டது யார்?"

வைத்தியர் என்றோம், மருந்தாளர் என்றோம், தாதி என்றோம். ஒருத்தி கணினி என்றாள். அவர் கரும்பலகையில் ஒரு கோடு வரைந்து, வைத்தியரிலிருந்து பையன் வரை அந்தக் கட்டளை கடந்துபோன இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்தார். ஒவ்வோர் இடத்திலும் இருந்தவர், தனக்கு முன்னால் இருந்தவரும் இயந்திரமும் சரிபார்த்திருப்பார்கள் என்று நம்பியிருந்தார். இயந்திரமோ கணக்கைச் சரியாகத்தான் போட்டது. ரோபோ சரியாகத்தான் எண்ணியது. பார்கோட் தன்னிடம் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னது. "இவ்வளவு குளிசை ஒரு பிள்ளைக்குத் தகுமா?" என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவதுதான் இந்தப் பாடம் என்றார்.

கணினி வந்தது வீணுக்கல்ல

இதைக் கேட்டதும், பழையபடி கையால் எழுதுவதே மேல் என்று எங்களில் சிலர் பேசத் தொடங்கினோம். அடுத்த வகுப்பு அதற்குப் பதிலாக அமைந்தது.

1999 இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டு வைத்தியசாலைகளில் தடுத்திருக்கக்கூடிய தவறுகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக அது மதிப்பிட்டது. புரியாத கையெழுத்து, ஒன்றுபோல் ஒலிக்கும் மருந்துப் பெயர்கள், பார்த்துப் பிரதி பண்ணும்போது விடுபடும் ஒரு தசமப் புள்ளி என்று மருந்துத் தவறுகளுக்குக் காரணங்கள் பல. பொஸ்டன் நகர வைத்தியசாலையொன்றில் வைத்தியர்கள் மருந்தைக் கணினியில் எழுதத் தொடங்கியபின் பாரதூரமான மருந்துத் தவறுகள் 55 சதவீதம் குறைந்ததாக 1998 இல் வெளியான ஆய்வு கூறியது.

பார்கோட்டின் கதை இன்னும் சுவையானது. 1992 அளவில் கன்சாஸ் மாநிலத்தில், முன்னாள் படைவீரர்களுக்கான வைத்தியசாலையொன்றில் பணியாற்றிய சூ கின்னிக் என்ற தாதி, வாடகைக்கு எடுத்த காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அங்கிருந்தவர் காரின் பார்கோட்டைக் கருவியால் படித்துக் கணக்கை முடித்ததைப் பார்த்தார். காருக்குச் செய்வதை நோயாளிக்கும் மருந்துக்கும் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நோயாளியின் கைப்பட்டியிலும் மருந்துப் பொதியிலும் பார்கோட் ஒட்டி இரண்டையும் ஒப்பிடும் முறை அங்கிருந்துதான் பரவியது. 2010 இல் பொஸ்டனில் நடந்த ஆய்வில், நேரம் தவறியவை நீங்கலாக, மருந்து கொடுப்பதில் ஏற்படும் தவறுகள் பார்கோட் இல்லாத விடுதிகளில் 11.5 சதவீதமாகவும் உள்ள விடுதிகளில் 6.8 சதவீதமாகவும் இருந்தன.

அதேவேளை இன்னோர் ஆய்வையும் படித்தோம். பென்சில்வேனியாவில் நடத்தப்பட்டு 2005 இல் வெளியான அது, கணினியில் மருந்தெழுதும் முறையே புதிதாக உண்டாக்கிய 22 வகைத் தவறு வாய்ப்புகளைப் பட்டியலிட்டது. ஓர் உதாரணம்: மருந்தகத்தின் கையிருப்பில் எந்த அளவுக் குளிசை இருக்கிறது என்பதைத் திரை காட்டியது. சில வைத்தியர்கள் அதையே நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய அளவு என்று விளங்கிக்கொண்டார்கள். இன்னொன்று: ஒரே நோயாளியின் மருந்துகள் எல்லாவற்றையும் பார்க்க இருபது திரைகள் வரை மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. கையெழுத்து காரணமான பிழைகளை ஒழித்த கருவி வேறு வகைப் பிழைகளைக் கூட்டி வந்திருந்தது.

கணினியை இயக்கத் தெரிவது வேறு, கணினிக்குள் மருந்துத் தகவல் எப்படிப் போகிறது, எப்படி மாறுகிறது, எங்கே தொலைகிறது என்று தெரிவது வேறு. முதலாவதை யாரும் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு மருந்தும் தெரிய வேண்டும், கணினியும் தெரிய வேண்டும். அதனால்தான் அது பட்டப்படிப்புக்குள் வந்திருக்கிறது. அமெரிக்காவில் பாமசி பட்டப்படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் சபை, 2016 இல் நடைமுறைக்கு வந்த தன் நியமங்களில், மாணவர் கற்க வேண்டியவற்றுள் சுகாதாரத் தகவலியலையும் சேர்த்திருக்கிறது.

ஒரு மருந்து, பல பெயர்கள்

பாடத்தின் நான்காவது வாரம் மருந்துக் குறியீடுகளைப் பற்றியது. பரசிற்றமோல் என்பது மருந்தின் பொதுப் பெயர். பெனடோல் என்பது ஒரு கம்பனி அதற்கு வைத்த வியாபாரப் பெயர். இன்னொரு கம்பனி வேறொரு பெயர் வைக்கும். மனிதருக்கு இது குழப்பம், கணினிக்கோ பெருங்குழப்பம். எழுத்து மாறினால் அதற்குப் பொருளும் மாறிவிடும். இரண்டு பெயர்களும் ஒரே மருந்தையே குறிக்கின்றன என்று யாரேனும் சொல்லிக் கொடுக்காவிட்டால் அதற்குத் தெரியாது.

இதற்காகவே குறியீடுகள் வந்தன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் ஒஸ்லோ நகரில் இயங்கும் நிலையம் பேணிவரும் ஏ.டீ.சி. முறை அவற்றில் ஒன்று. ஒவ்வொரு மருந்துக்கும் ஏழு இடங்கள் கொண்ட ஒரு குறியீடு. உடலின் எந்தப் பகுதிக்கு, எந்த நோய்க்கு, எந்த இரசாயன வகை என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் மருந்தில் வந்து நிற்கும். நீரிழிவுக்கான கிளிக்லசைட்டின் குறியீடு ஏ10பிபி09. எந்தக் கம்பனி என்ன பெயரில் விற்றாலும், எந்த நாட்டில் விற்றாலும் அதே குறியீடுதான்.

விரிவுரையாளர் இதைப் பலகையில் எழுதியபோது என் கை எழுதுவதை நிறுத்திவிட்டது. நீரிழிவு மருந்துகள் எத்தனையோ இருக்க, அவர் உதாரணத்துக்கு எடுத்தது கிளிக்லசைட்டை.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், இரண்டாம் ஆண்டு விடுமுறையில் நான் வீட்டில் நின்றேன். உம்மும்மாவுக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். மாதமொருமுறை அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போவார். இடையில் கால் எரிவுக்காக ஒரு தனியார் டொக்டரிடம் காட்டியதில் அவரும் சில குளிசைகள் எழுதியிருந்தார். "பாமசி படிக்கிற புள்ள இரிக்கக்குள்ள எனக்கென்ன கவல" என்று சொல்லி உம்மும்மா எல்லாவற்றையும் என் மடியில் கொட்டினார். நான் பெருமையோடு காலை, பகல், இரவு என்று பெட்டியில் பிரித்து வைத்தேன்.

கிளினிக்கில் கொடுத்தவை கடதாசி உறைகளில் இருந்தன. ஒன்றில் கிளிக்லசைட் என்று எழுதியிருந்தது. தனியார் டொக்டரின் மருந்துகளில் ஒன்று பளபளக்கும் அட்டையில், கொட்டை எழுத்தில் ஒரு வியாபாரப் பெயரோடு இருந்தது. அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. டொக்டர் தந்தது, காலுக்காக இருக்கும் என்று நினைத்தேன். அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. மறுபக்கத்தில் சிறிய எழுத்தில் அதே கிளிக்லசைட்.

நான்காம் நாள் ஸுபஹுக்கு எழுப்பப் போன உம்மா கத்தினார். உம்மும்மாவின் உடுப்பெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. பேச்சுக் குழறியது, எங்களை அடையாளம் தெரியவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண்ணைத் திறந்து வாப்பாவின் பெயரைச் சொன்னார். மருந்தின் வேகம் அடங்கும் வரை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். எல்லா மருந்தையும் கொண்டுவரச் சொன்ன டொக்டர், அந்த அட்டையைத் திருப்பி எனக்குக் காட்டினார். "ரெண்டும் ஒண்டுதானே. யார் பிரிச்சு வச்சது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். நான் என்ன படிக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை.

வீட்டில் யாரும் என்னை ஏசவில்லை. உம்மும்மாவோ, "புள்ள வச்சது சரிதான், நான் ராவு சோறு தின்னாமப் படுத்ததுதான் பிழ" என்று எனக்காக வாதாடினார். அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

அன்று வகுப்பில் யோசித்துப் பார்த்தேன். கிளினிக்கின் பதிவும் தனியார் டொக்டரின் பதிவும் ஒரே குறியீட்டில் எழுதப்பட்டு, ஒன்றையொன்று பார்க்கக்கூடியதாக இருந்திருந்தால், இரண்டாவது மருந்தை எழுதும்போதே கணினி கேட்டிருக்கும். அப்படி இல்லாத இடத்தில் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடியவர் ஒருவர்தான்: மருந்தைக் கையில் வாங்கிப் பார்ப்பவர். அந்த இடத்தில் நான் இருந்தேன்.

மருந்தைப் பொதுப் பெயரால் அழைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. நம் நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே அதற்காகப் பாடுபட்டவர். 1971 இல் உருவாக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். குறைந்த விலையில் நல்ல மருந்து கிடைக்க வேண்டும் என்பதற்காக அவர் பொதுப் பெயரை வலியுறுத்தினார். இன்று கணினிக்கும் அதுவே அடிப்படையாக இருக்கிறது.

எச்சரிக்கை மணி ஓயாது அடித்தால்

சான்பிரான்சிஸ்கோ வைத்தியரும் மருந்தாளரும் எச்சரிக்கையைத் தாண்டிச் சென்றதை முதல் வகுப்பில் கேட்டபோது எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஏழாவது வாரம் வரைதான் நீடித்தது.

அந்த வாரச் செய்முறையில், பயிற்சிக்கென்றே உருவாக்கிய மருந்தகக் கணினி ஒன்றின் முன் எங்களை இருத்தினார்கள். கற்பனை நோயாளிகள், நாற்பது மருந்துச் சீட்டுகள், ஒரு மணித்தியாலம். ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எச்சரிக்கையாவது வரும். இந்த மருந்தைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கவும். இந்த இரண்டும் சேர்ந்தால் இலேசான தூக்கம் வரலாம். இந்த நோயாளி அறுபது வயதைத் தாண்டியவர். முதல் பத்தை நிதானமாக வாசித்தேன். இருபது ஆனபோது தலைப்பை மட்டும் வாசித்தேன். அதன் பின் என் விரல் தானாகவே அழுத்தியது.

முடிந்ததும் விரிவுரையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளை நீட்டினார். எந்த எச்சரிக்கை எத்தனை செக்கன் எங்கள் திரையில் இருந்தது என்ற பதிவு அது. என்னுடையதில் முப்பத்தோராவது சீட்டுக்குச் சிவப்புக் கோடு. நோயாளிக்குப் பெனிசிலின் ஒவ்வாமை. எழுதப்பட்ட மருந்தோ பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த அமொக்சிசிலின். எச்சரிக்கை வந்திருக்கிறது. நான் இரண்டு செக்கனில் அதை அகற்றிவிட்டு மருந்தைக் கொடுத்திருக்கிறேன். இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேரின் தாளில் அதே சிவப்புக் கோடு.

எச்சரிக்கைச் சோர்வு என்று இதற்குப் பெயர். மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை தாண்டிச் செல்லப்படுகின்றன என்று 2006 இல் வெளியான ஒரு மீளாய்வு கூறுகிறது. சோம்பல் மட்டும் இதற்குக் காரணமல்ல. உயிருக்கு ஆபத்தான விடயமும் சாதாரண விடயமும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், ஒரே சத்தத்தில் வந்தால் மனிதக் கண் வேறுபாடு காணாது. சான்பிரான்சிஸ்கோவிலும் அளவு சற்றுக் கூடியதற்கும் முப்பத்தெட்டு மடங்கு கூடியதற்கும் எச்சரிக்கை ஒரே தோற்றத்தில்தான் வந்தது.

அடுத்த வாரம் எங்களுக்குத் தரப்பட்ட வேலை, அந்தப் பயிற்சிக் கணினியின் எச்சரிக்கைகளை நாங்களே வகைப்படுத்துவது. எதை நிறுத்தலாம், எதைத் தாளில் மட்டும் அச்சிடலாம், எது வந்தால் காரணம் எழுதாமல் மேலே போகவே விடக்கூடாது என்று குழுக்களாகப் பிரிந்து வாதிட்டோம். இரண்டு மணித்தியாலம் போனதே தெரியவில்லை. மருந்துகளின் தாக்கங்களைப் பற்றி அதுவரை மனனமிட்டதெல்லாம் அந்த வாதத்தில்தான் எனக்கு விளங்கியது. எந்த எச்சரிக்கை முக்கியம் என்று தீர்மானிக்க மென்பொருள் எழுதுபவரால் மட்டும் முடியாது. மருந்து தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருக்க வேண்டும். அதற்கும் நாங்கள் தயாராக வேண்டும் என்பது பாடத்தின் நோக்கங்களில் ஒன்று.

பிறர் இரகசியம் ஓர் அமானிதம்

இன்னொரு பகுதி நோயாளியின் அந்தரங்கம். நம் ஊர்களில் இதை விளக்கத் தேவையில்லை. ஒரு பிள்ளை என்ன மருந்து எடுக்கிறாள் என்று பாமசியிலிருந்து ஒரு சொல் வெளியே போனால், அது அவளுடைய கலியாணப் பேச்சு வரை போகும். மனநலத்துக்கு மருந்து எடுப்பவர் ஊருக்குப் பயந்து தூரத்து நகரத்தில் போய் வாங்குவதும் நமக்குத் தெரியும்.

கொப்பியில் எழுதிய காலத்தில் அந்தக் கொப்பியைப் பார்த்தவருக்கு மட்டும் இரகசியம் தெரியும். கணினியில் ஏறியபின் பெயரைத் தட்டினால் முழு வரலாறும் வரும். அதனால் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் இருக்கிறது. யார், எப்போது, யாருடைய பதிவைத் திறந்தார் என்பதும் பதிவாகிறது. சிரமமாக இருக்கிறதென்று ஒரே கடவுச்சொல்லைப் பலர் பாவித்தால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். நம் நாட்டின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தரவுகளை விசேடமாகப் பாதுகாக்க வேண்டிய வகையில் வைத்திருக்கிறது. "திறக்க முடியும் என்பதற்காகத் திறக்கலாம் என்று அர்த்தமில்லை" என்று விரிவுரையாளர் சொன்னபோது, நம் பெரியவர்கள் சொல்லும் அமானிதம் என்ற சொல்தான் என் நினைவுக்கு வந்தது. ஒருவர் நம்பித் தந்ததை அவருக்காகக் காப்பது.

விளக்கு அணைந்தபோது

கடைசிச் செய்முறை நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று எல்லாத் திரைகளும் இருண்டன. மின்வெட்டு என்று எண்ணி எழும்பினோம். விரிவுரையாளர்தான் பிரதான ஆளியை அணைத்திருந்தார். "நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள். வேலையைத் தொடருங்கள்" என்றார்.

2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாங்கள். இருந்தும் அந்த நேரத்தில் தடுமாறினோம். ஒவ்வாமைப் பட்டியல் திரைக்குள் இருக்கிறது. கடைசியாக எப்போது மருந்து கொடுத்தோம் என்பதும் அதற்குள். பிறகு ஒருத்திக்கு யோசனை வந்தது. வரிசையில் நின்ற "நோயாளி"யிடமே கேட்டாள்: உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா? வேறு என்ன குளிசைகள் எடுக்கிறீர்கள்? கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? தாளொன்றில் எழுதிக்கொண்டாள். மின்சாரம் வந்ததும் எழுதியதைக் கணினியில் ஏற்றினாள். அன்றைய புள்ளிகளில் அவளுக்கே அதிகம். மின்சாரம் இருக்கும் நாட்களிலும் அந்த மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும் என்பதை நாங்கள் எல்லாரும் குறித்துக்கொண்டோம்.

வாப்பாவுக்குச் சொன்ன பதில்

பாடம் முடிந்து வீட்டுக்குப் போனபோது வாப்பாவிடம் சொன்னேன்: "கம்பியூட்டர் பழக்கிறதுக்கில்ல வாப்பா, கம்பியூட்டர் சொல்றத எப்ப நம்புற, எப்ப கேள்வி கேக்கிற எண்டு பழக்கிறதுக்கு." அவர் சற்று யோசித்து, "அப்ப அந்த அட்டையத் திருப்பிப் பாக்கிற மாதிரி" என்றார். ஓராண்டாக அதைப் பற்றி வாய் திறக்காத மனிதர், இரண்டு வினாடியில் முழுப் பாடத்தையும் சொல்லிவிட்டார்.

உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் தங்கைகள் பாமசியையும் ஒரு தெரிவாக எண்ணிப் பாருங்கள். கணினி இதில் ஏன் என்று கேட்டால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள். கணினித் துறையை விரும்பும் தங்கைகளும் இந்தப் பக்கம் வரலாம். மருந்து தெரிந்தவரோடு பொறுமையாக உட்கார்ந்து மென்பொருள் செய்பவர்களுக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது.

மற்ற எல்லாருக்கும் ஒரு சிறிய வேலை. இன்று வீட்டுக்குப் போய், வயதானவர்கள் எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள். ஒவ்வோர் அட்டையின் மறுபக்கத்திலும் உள்ள பொதுப் பெயரை ஒரே தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்; தாளை எடுத்துக்கொண்டு அன்றே வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ போங்கள். எங்கு மருந்தெடுக்கப் போனாலும் அந்தத் தாளையும் கொண்டு போங்கள்.

உம்மும்மாவின் தாள் இப்போது அவருடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. புதிதாக எந்த மருந்து கொடுத்தாலும், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அட்டையைத் திருப்பி, "இதுட மறுபக்கத்தில என்ன எழுதியிரிக்கி?" என்று பாமசிக்காரரையே கேட்கிறாராம். உம்மும்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அவர் வாசித்துக் காட்டும் வரை அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.